இன்செயினில் கரேன் சண்டை

எங்கள் வீட்டில் கரேன் சண்டை என்றால் 1949-ல் பர்மாவில் நடந்ததுதான். கரேன்கள் அங்கே கிழக்கு மலைகளிலும் ஐராவதி டெல்டாவிலும் வாழும் சிறுபான்மை இனம்; தனி மாநிலம் கேட்டு அரசோடு மோதினார்கள். அதற்கப்புறமும் அந்த மலைகளில் சண்டை ஓயவே இல்லை என்பதெல்லாம் அப்பத்தாவின் கணக்கில் வராது. இன்செயினில் குண்டு விழுந்தது, வீட்டைப் பூட்டிவிட்டு ரங்கூனுக்கு ஓடினோம், திரும்பிப் போனபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. அவருக்குக் கரேன் சண்டை இவ்வளவுதான்.

ஐயா, அதாவது என் தாத்தா, இன்செயின் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ரங்கூனிலிருந்து வடக்கே பத்து மைலுக்குள் வரும் ஊர் அது. பட்டறை, பெரிய ஜெயில், மேட்டின் மேல் கரேன் பாப்டிஸ்டுகளின் இறையியல் கல்லூரி. பட்டறையில் தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைய. இரண்டு தெரு தள்ளிக் கரேன் குடும்பங்கள். என் அப்பா பிறந்தபோது பிரசவம் பார்த்தது ஒரு கரேன் நர்ஸ்தான். அந்தக் காலத்து பர்மாவில் நர்ஸ் என்றாலே பாதிப் பேர் நினைப்பது கரேன் பெண்களைத்தான். அந்த அம்மா காசு வாங்க மறுத்ததையும், அப்பத்தா முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பியதையும் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

1948 கடைசியில் தெருமுனையில் இரவுக் காவல் ஆரம்பித்துவிட்டதாம். கரேன் பையன்கள் சிலர் கையில் நாட்டுத் துப்பாக்கியோடு நிற்பார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் ஐயாவை பர்மிய மொழியில் யார் என்று கேட்பார்கள். பட்டறை ஆள் என்றதும் விட்டுவிடுவார்கள். ஐயா ஒரு சுருட்டு கொடுப்பார். அப்பத்தா இதைச் சொல்லும்போது "நம்ம தெருவுக்கும் சேர்த்துத்தான் காவல் நின்னுச்சுங்க" என்பார். பெரியப்பாவோ "அவனுங்கதான் ஊரைக் கெடுத்தது" என்று அடித்துச் சொல்வார். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் நான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பையன்கள் கரேன் தேசியத் தற்காப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள். அது தொடங்கியது 1947 ஜூலை 16. சரியாக மூன்று நாள் கழித்து, பர்மிய சுதந்திரப் போராட்டத்தின் தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுபான்மையினர் ஓரளவாவது நம்பிய ஒரே பர்மியத் தலைவர் அவர்தான். அவரும் போய்விட்டார். ஆறு மாதத்தில், 1948 ஜனவரி 4 அன்று, சுதந்திரம் வந்தது.

கரேன்களுக்குப் பயம் வர 1942 போதும். ஜப்பான்காரனோடு வந்த பர்மா சுதந்திரப் படை, டெல்டாவில் மியாங்மியா பக்கம் கரேன் கிராமங்களுக்குள் புகுந்து கொன்று குவித்தது. கரேன்கள் பிரிட்டிஷ்காரர்கள் பக்கம் நின்று ஜப்பானோடு போராடினார்கள். அந்த விசுவாசத்துக்குப் பலன் கிடைக்கும் என்று நம்பி 1946-ல் நான்கு பேர் லண்டனுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சா பா ஊ ஜி, கேம்பிரிட்ஜில் படித்த வக்கீல், பின்னால் கரேன் கிளர்ச்சிக்குத் தலைவரானவர். லண்டனில் அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1947 பிப்ரவரியில் பாங்லோங்கில் ஷான், கச்சின், சின் தலைவர்கள் ஆங் சானோடு ஒப்பந்தம் போட்டபோது கரேன்கள் வேடிக்கை பார்க்கிற இடத்தில் இருந்தார்கள். அரசியல் சட்டம் ஷான்களுக்கும், கரேன்களின் கிளை இனமான கரென்னிகளுக்கும் பத்து வருடம் கழித்துப் பிரிந்துபோகும் உரிமையைக்கூடக் கொடுத்தது. கரேன்களுக்கு மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’.

ஆனால் அப்புறம் பார்ப்பதிலும் ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. மலையில் இருந்த கரேன்களுக்கு எல்லை போட்டுவிடலாம். டெல்டாவில் என்ன செய்வது? அங்கே ஒரு ஊர் பர்மியர், அடுத்த ஊர் கரேன், ஒரே ஊரில் இரண்டு பேரும் என்று கலந்து கிடந்தார்கள். போதாக்குறைக்கு, முப்பதுகளின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பேர் சண்டை போட்ட அந்த மண்ணுக்குப் பத்திரம் மூன்றாவது ஆளிடம். நம் ஆட்கள் எழுதுகிற பர்மா கதைகளில் இந்த விஷயம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

கரேன்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. 1948 பிப்ரவரி 11 அன்று ஊர் ஊராக ஊர்வலம் போனார்கள். கரேன் மாநிலத்தை உடனே கொடு, பர்மியனுக்கு ஒரு ரூபாய் என்றால் கரேனுக்கும் ஒரு ரூபாய், இனச் சண்டை வேண்டாம், உள்நாட்டுப் போர் வேண்டாம். இவைதான் கோஷம். மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் கிளம்பி, பட்டாளத்திலும் ஒரு பகுதி அவர்களோடு போனபோது, பிரதமர் ஊ நூவின் அரசு தாக்குப்பிடித்தது கரேன், கச்சின் படைப்பிரிவுகளை வைத்துத்தான். அப்போது ராணுவத் தலைமைத் தளபதியே ஸ்மித் டன் என்கிற கரேன். இந்தத் தற்காப்பு அமைப்பும் அரசுக்குக் காவல் வேலை பார்த்தது. அதனால் அப்பத்தா சொன்னது பொய்யில்லை.

கெட்டுப்போனது அந்தக் கிறிஸ்துமஸில். தெற்கே மெர்குய் பக்கம் பலாவில், டிசம்பர் 24 இரவு, தேவாலயத்தில் கூடியிருந்த கரேன்களைக் கொன்றார்கள். ஜனவரி கடைசியில் ரங்கூனுக்குள்ளேயே ஆலோன் கரேன் குடியிருப்பு எரிந்தது. ஜனவரி 31 அன்று இன்செயின் கரேன்கள் கைக்குப் போனது. ஸ்மித் டன்னை விடுப்பில் போகச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் நெ வின்னை உட்கார வைத்தார்கள்.

ஐயாவும் அப்பத்தாவும் அந்த வாரமே குழந்தையோடு ரங்கூனுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு சத்திரத்து வராந்தாவில் நாலைந்து குடும்பம். பட்டாளத்துக்காரர்கள் டவுன் பஸ்ஸில் ஏறிச் சண்டைக்குப் போவார்களாம், சாயந்திரம் அதே பஸ்ஸில் சிலர் திரும்புவார்களாம். காலையில் பீரங்கிச் சத்தத்தை வைத்துத்தான் உலை வைப்போம் என்று அப்பத்தா சிரிப்பார். சிரிக்கிற விஷயமா என்றால், வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்பார்.

112 நாள் இப்படிப் போனது. பக்கத்தில் இருந்தும் ரங்கூனைப் பிடிக்க முடியவில்லை. ப்ரோமிலிருந்து உதவிக்கு இறங்கிவந்த கரேன் படைப்பிரிவை வழியிலேயே மறித்துவிட்டார்கள். வடக்கே கதை வேறு: கரேன்களை அடக்க அனுப்பிய கச்சின் அதிகாரி நவ் செங், அவர்களோடே சேர்ந்துகொண்டு மாண்டலேவைப் பிடித்தார். ரங்கூனைத் தாண்டி அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதால் வெளியுலகம் அதை ‘ரங்கூன் அரசு’ என்றே கேலி செய்தது. அதற்கு ஆயுதம் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்களில் நேருவும் உண்டு. ஏப்ரலில் பா ஊ ஜி ரங்கூனுக்கே வந்து பேசினார், பேச்சு முறிந்தது. மே 22-ல் கரேன்கள் இன்செயினை விட்டுப் போனார்கள்.

பா ஊ ஜியை 1950 ஆகஸ்ட் 12 அன்று தாய்லாந்து எல்லைப் பக்கம் வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கல்லறை எழும்பிவிடக் கூடாது என்று உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். அவர் விட்டுப்போன நான்கு கொள்கைகளை இன்றும் கரேன் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சரணடைவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது ஒன்று, ஆயுதம் நம் கையில்தான் இருக்கும் என்பது இன்னொன்று. ஆலோனைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஆயுதம் அவர்களுக்குள்ளேயும் திரும்பியது. தலைமையில் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், சிப்பாய்களில் ஏராளமானோர் பௌத்தர்கள். 1994 டிசம்பரில் பௌத்தர்கள் பிரிந்தார்கள், அடுத்த மாதமே தலைமையகமான மானர்ப்ளா ராணுவத்திடம் விழுந்தது. இதில் பர்மியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெரியப்பாவிடம் நான் கேட்பது வேறு. நம்மைக் கப்பலேற்றியது யார்? 1949-ல் தளபதியான அதே நெ வின், 1962-ல் நாட்டையே எடுத்துக்கொண்டார். 1964-ல் கடைகளைப் பறித்தார், ஐம்பது, நூறு சாட் நோட்டுகளைச் செல்லாதென்றார். வியாசர்பாடிக்கு நாம் வந்து சேர்ந்தது அதனால்தான். உள்நாட்டுப் போரில் வளர்ந்த பட்டாளம் அது. கரேன் பிரச்சினையைப் பேசித் தீர்த்திருந்தால் அந்தப் பட்டாளம் அவ்வளவு பெரிதாகியிருக்குமா என்பேன். "தீர்த்திருந்தா, தீர்த்திருந்தா" என்று முனகிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

1952-ல் கரேன் மாநிலம் ஒன்று அமைந்தது, கிழக்கு மலைகளை மட்டும் வைத்து. 2015-ல் கரேன்களின் அரசியல் அமைப்பான கரேன் தேசிய யூனியன் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது, 2021 ராணுவப் புரட்சியோடு அதுவும் போனது. அந்தப் புரட்சிக்கப்புறம் ரங்கூனிலிருந்து தப்பிய பர்மிய இளைஞர்கள் ஒளிந்ததும் ஆயுதப் பயிற்சி எடுத்ததும் கரேன் காடுகளில்தான். இப்போது இரண்டு தரப்பும் சேர்ந்து கூட்டாட்சி பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் டெல்டாவில் இருக்கிற கரேன்களுக்கு என்ன வழி என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 1947-ல் மாட்டிக்கொண்ட இடம் அதுதான்.