சத்தமில்லாத சின்னக் கம்ப்யூட்டர்: பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்த கதை

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, டெசராக்ட் மென்பொருளில் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை டைப் செய்த எழுத்தாக மாற்றுவது) ஓட்டுவது எனக்கு ஓய்வு நேர வேலை. நூற்றுக்கணக்கான பக்கங்களை ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். வீட்டில் படுக்கையறை ஒன்றுதான், மேஜையும் அங்கேதான். புதிதாக அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, இடத்தை அடைக்கக் கூடாது, கையையும் கடிக்கக் கூடாது.

சத்தம் குறைய வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் நல்ல விசிறியைத் தேடுவார்கள். நான் வாட்ஸ் கணக்கிலிருந்து தொடங்கினேன். கேபினெட்டுக்குள் போகிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அதை வெளியே தள்ளத்தான் விசிறி சுற்றுகிறது. அதன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம்போலத் தெரியும். ஆக, உள்ளே சூடு குறைந்தால் விசிறி மெல்லச் சுற்றியே சமாளித்துவிடும்.

பிராசசர்தான் முதல் கேள்வி. இன்டெல் என்100 வெறும் 6 வாட்ஸ். அது பொருத்தப்பட்டு, விசிறியே இல்லாமல் வரும் மதர்போர்டுகள் கிடைக்கின்றன. டைப் அடிக்க, படம் பார்க்க, இணையம் பார்க்க என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுத்துணரியில் பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட விடுவேன், அதற்குக் கோர்கள், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், நிறைய வேண்டும். என்100-இல் இருப்பது நாலு சின்னக் கோர்கள், மெமரிக்குப் போய்வரும் பாதையும் (சேனல்) ஒன்றுதான். ஐ3-12100 வேகமான பிராசசர், அதிலும் நாலு கோர்தான். கடைசியில் ரைசன் 5 5600ஜி-யில் வந்து நின்றேன். 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலையை எடுத்துக்கொள்ளும்), கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 2021-இல் வந்தது என்பதால் விலையும் இறங்கிவிட்டது. 65 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் பயாஸில் (போர்டிலேயே இருக்கிற அடிப்படை மென்பொருள்) 45-க்கு இறக்கிக்கொள்ள ஏஎம்டியே இடம் கொடுத்திருக்கிறது. என்னை இழுத்தது அந்த வசதிதான்.

அடுத்து போர்டும் பெட்டியும். 17 சென்டிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் போர்டு பார்க்க அழகு. ஆனால் அளவு சின்னதாக ஆக விலை கூடுகிறது. அதற்கேற்ற சின்ன எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனி விலை, பெட்டி தனி விலை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்கார அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன். "550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போட்டுக்கோங்க சார், பின்னாடி கிராபிக்ஸ் கார்டு போடலாம்" என்றார். கார்டு போடுகிறவர்களுக்கு அது சரியான யோசனை. நான் போடப்போவதில்லை. மொத்தமே நூறு வாட்ஸைத் தொடாத கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பெரிய எஸ்எம்பிஎஸ் எதற்கு? அதற்குள்ளும் ஒரு விசிறி சுற்றும்.

அதனால் ஏஎஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 எடுத்தேன். பெட்டி, போர்டு, அடாப்டர் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 155 மி.மீ. சதுரம், 80 மி.மீ. உயரம், கொள்ளளவு 2 லிட்டர்கூட இல்லை. மின்சாரம் லேப்டாப்புக்கு வருவதுபோல வெளியே இருக்கிற 19 வோல்ட், 120 வாட்ஸ் அடாப்டரிலிருந்து. எஸ்எம்பிஎஸ் விசிறி என்ற பேச்சே இல்லாமல் போனது. வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி 2020-இல் வந்தது, 5600ஜி அதற்குப் பிறகு வந்தது. பழைய பயாஸோடு கிடந்த பெட்டியாக இருந்தால் திரையில் ஒன்றுமே வராது. கடையிலேயே வேறு பிராசசர் போட்டு பயாஸை அப்டேட் செய்து தரச் சொன்னேன், செய்து கொடுத்தார்கள்.

பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலரில்தான் ரொம்ப நேரம் செலவழித்தேன். இந்தப் பெட்டிக்குள் 46 மி.மீ. உயரம் வரைதான் இடம். பிராசசரோடு இலவசமாக வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மி.மீ. அது நல்ல கூலர்தான், ஆனால் மூடி மூடாது. விலை குறைவாக இருந்த ஒன்று 47 மி.மீ. ஒரு மில்லிமீட்டரில் சூதாட மனம் வரவில்லை. மூடியில் உரசினால் அந்தச் சத்தம் எல்லாவற்றையும்விட மோசம். கடைசியில் 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏ. மற்ற எல்லாவற்றிலும் கையை இறுக்கிப் பிடித்தவன் இதில் மட்டும் தாராளமாகச் செலவு செய்தேன். பெட்டியில் அசைகிற பொருள் இது ஒன்றுதான், காசு அங்கே போவது நியாயம். 5600ஜி உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4, அதற்கான வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டும்போது போர்டைத் தட்டிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து திருகாணி முடுக்க வேண்டியிருந்தது. நாலு திருகாணியையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசுகிற பேஸ்ட் சீராகப் பரவும்.

அந்தச் செலவை ரேமில் ஈடுகட்டினேன். டெஸ்க்மினிக்கு லேப்டாப் ரேம்தான் பொருந்தும். கழற்றி விற்ற டிடிஆர்4 லேப்டாப் ரேம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிறையவே கிடைக்கிறது. 8 ஜிபி இரண்டு வாங்கினேன். 16 ஜிபி ஒன்று என்று வாங்கக் கூடாது, உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு சேனலும் நிரம்பினால்தான் அதற்கு மூச்சு வரும். சேமிப்புக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி போதும்.

ஸ்கேன் படங்கள் இருக்கிற, பெட்டிக்கு வெளியே வைத்த ஹார்ட் டிஸ்க் வேறு கதை. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த அதிர்வு மேஜைப் பலகையில் இறங்கி, பலகையே முனக ஆரம்பிக்கிறது. உள்ளங்கையை வைத்தால் கைக்கே தெரியும். டிஸ்க்கின் கீழே தடிமனான ரப்பர் விரிப்பை மடித்து வைத்ததும் முனகல் அடங்கியது. இப்போது நகல் எடுக்கும்போது மட்டும் அதை இணைக்கிறேன்.

அசெம்பிள் செய்து ஓட்டியதும் முதலில் எரிச்சலூட்டியது சத்தத்தின் அளவு இல்லை, அதன் ஏற்ற இறக்கம். இணையத்தில் ஒரு பக்கம் திறந்தால் விசிறி ஒரு நொடி உறுமி அடங்கும். பயாஸில் விசிறி வேகத்தை 65 டிகிரி வரை ஒரே மாதிரி வைத்து, அதற்கு மேல்தான் ஏறும்படி மாற்றினேன். 45 வாட்ஸ் வரம்பையும் போட்டேன். இரவு முழுக்க எழுத்துணரி ஓடினாலும் பிராசசர் சூடு 70 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஒரே சீரான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதன் சத்தத்துக்குக் கீழே போனபிறகு மேற்கொண்டு செலவு செய்வதில் பயனில்லை. மார்கழியில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டால்தான் இந்தப் பெட்டியின் மெல்லிய மூச்சு தெரிகிறது. கோடையில் அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, பிராசசரும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும், விசிறியும் வேகம் பிடிக்கும். ஆனால் அப்போது தலைக்கு மேலே ஃபேனும் ஐந்தில்தான் ஓடும், அதனால் கவலையில்லை.

இனி பார்க்க வேண்டியது தூசிதான். பெட்டியின் ஓட்டைகளுக்கு வலை எதுவும் இல்லை, நாங்கள் இருப்பதோ மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. மெல்லிய நைலான் வலையை வெட்டி ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒட்டிப் பார்க்கப்போகிறேன். சூடு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறினால் வலையை எடுத்துவிட்டு, அவ்வப்போது பிளோயர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.