வாசிப்பு வட்டத்திலிருந்து பயிற்சிக் குழுவுக்கு

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கைப் படிக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தை, பகுப்பாய்வாளர்களை உருவாக்கும் முறையான பயிற்சிக் குழுவாக மாற்றலாமா என்ற பேச்சு கொஞ்ச காலமாக நடக்கிறது. எனக்கு அதில் முழு விருப்பம். பகுப்பாய்வு உளவியலுக்கான சர்வதேசச் சங்கத்தின் ‘ரவுட்டர்’ முறையில் நான் பயிற்சி பெறுகிறேன். உள்ளூரில் பயிற்சி நிறுவனம் இல்லாதவர்கள் தனிநபராகப் பதிந்து, தேர்வுகளை முடித்துப் பகுப்பாய்வாளர், அதாவது கனவுகளையும் பேச்சையும் கொண்டு ஒருவரின் ஆழ்மனதை ஆராயும் சிகிச்சையாளர், ஆகும் வழி அது. நல்ல வழிதான், ஆனால் துணையில்லாத வழி. என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவரின் கேஸில் திணறி நிற்கும்போது கூடப் படிப்பவர் என்று பேச யாரும் இருப்பதில்லை.

எங்கள் கூட்டங்களில் பாடத்திட்டம் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். நிழல் (நாம் ஏற்க மறுக்கும் நம் பக்கம்), அனிமா (ஆணின் மனதுக்குள் இருக்கும் பெண் உருவம்), கனவு, தொன்மக் கதைகள், எதை எந்த வருடம் படிப்பது என்று. அதை எப்படியும் ஒப்பேற்றிவிடலாம். யார் யாரைப் பகுப்பாய்வு செய்வது, மாணவர் நடத்தும் கேஸ்களை யார் மேற்பார்வை செய்வது, ஒருவர் தகுதியானவர் என்று யார் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பகுப்பாய்வாளராக விரும்புகிறவர் முதலில் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். இந்த நிபந்தனையை வலியுறுத்திய பெருமையை 1912-இல் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்டே யுங் இருந்த ஸூரிக் குழுவினருக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் அவரும் யுங்கும் பிரிந்தார்கள். நிபந்தனை இரண்டு பக்கமும் நிலைத்துவிட்டது.

சரி, மாணவரைப் பகுப்பாய்வு செய்பவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மாணவர் நல்ல கனவுகளை மட்டும் கொண்டுவருவார். ஒரு கட்டத்தில் என் மேற்பார்வையாளர் மேல் எனக்குக் கடுங்கோபம் இருந்தது. அதை என் பகுப்பாய்வாளரிடம் வாரக்கணக்கில் கொட்டினேன். அவர் சொல்லும் எதுவும் என் மதிப்பீட்டுக்குப் போகாது என்று தெரிந்திருந்ததால்தான் கொட்ட முடிந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பாராட்டுக்கான பழைய ஏக்கம். அது தெரிந்த பிறகுதான், என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் என் மேல் கோபப்பட்டபோது பதறாமல் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

பகுப்பாய்வு செய்பவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறாக இருக்கும் இந்தப் பிரிவினை சின்னக் குழுவில் சுலபமில்லை. ஸூரிக்கிலேயே சுலபமாக இருக்கவில்லை. 1916-இல் தொடங்கிய உளவியல் மன்றத்தில் பெரும்பாலோர் யுங்கிடமோ அவருக்கு நெருக்கமானவர்களிடமோ பகுப்பாய்வுக்குப் போனவர்கள். அங்கே பயிற்சி நிறுவனம் வந்தது 1948-இல், சர்வதேசச் சங்கம் 1955-இல். மன்றத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே 32 வருடம்! அவ்வளவு காலம் நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வருடமே பெயர்ப்பலகை மாட்டிவிட வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

சோவியத் யூனியன் கலைந்த பிறகு ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வேறொரு வழி கண்டார்கள். வெளிநாட்டுப் பகுப்பாய்வாளர்கள் அவ்வப்போது வந்து, சில நாள்களில் பல அமர்வுகளை நடத்திவிட்டுத் திரும்பினார்கள். சில இடங்களில் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கூட வேலை நடந்தது. இடையில் வரும் நீண்ட காத்திருப்பு கொடுமை. இப்போது காணொளி அதைக் கொஞ்சம் குறைக்கிறது. நாங்களும் பகுப்பாய்வாளர்களையும் தேர்வாளர்களையும் வெளியிலிருந்து பெறலாம், மேற்பார்வையை மெல்ல மெல்ல உள்ளூரில் வளர்க்கலாம் என்பது என் யோசனை.

பாடத்திட்டத்துக்கு முன்பே கேஸ் கருத்தரங்கைத் தொடங்கிவிட வேண்டும். ஒருவர் கேஸை முன்வைப்பார். மற்றவர்கள் உடனே ஆலோசனை சொல்லாமல், கேட்கும்போது தங்களுக்குள் எழுந்த படிமத்தை, சலிப்பை, எரிச்சலைச் சொல்வார்கள். அறிவாளித்தனம் குறைந்து, உண்மையான வேலை அங்கேதான் தொடங்கும். பேசப்படுபவர் யாரென்று தெரிந்துவிட்டால் அப்போதே சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். சிறிய வட்டத்தில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது.

இன்னொன்றையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். பயிற்சியைத் தொடர வேண்டாம் என்று குழு ஒருவரிடம் சொல்ல நேரலாம். அப்படிச் சொன்னாலும், அவருடைய சொந்தப் பகுப்பாய்வு அதே ஆளிடம், அதே நேரத்தில், தடையில்லாமல் தொடர வேண்டும்.