67 வயதில் கொன்னக்கோல்: மொட்டைமாடியில் பழகிய கதை

கொன்னக்கோல் என்னும் வாய்த்தாளக் கலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது தை மாதம். இப்போது ஐப்பசி. இடையில் என்ன நடந்தது, உடம்பில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதிவைக்கிறேன். என் வயதுக்காரர்கள் யாருக்காவது பயன்படலாம்.

காரணம் சங்கீத ஆசை மட்டும் இல்லை. விழுந்துவிடுவேனோ என்ற பயம். நடந்துகொண்டே பேச ஆரம்பித்தால் நான் நின்றுவிடுகிறேன் என்று என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "ஏங்க, பதில் சொல்லணும்னா நின்னுதான் சொல்லணுமா?" என்று ஒருநாள் மார்க்கெட்டில் கேட்டாள். அதற்கப்புறம் தேடிப் படித்தேன். 1997இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் முதியவர்களை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேசும்போது நின்றுவிடுகிறவர்கள்தான் பின்னால் அதிகம் விழுந்திருக்கிறார்கள். சின்ன வயதில் நடை தானாக நடக்கும். வயதாக ஆக அதற்கும் கவனம் தேவைப்படுகிறது. அந்தக் கவனத்தைப் பேச்சு பங்கு கேட்டால் கால் தயங்குகிறது.

2011இல் வெளிவந்த ஜெனீவா ஆய்வு ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேர். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். பியானோ வாசிப்புக்கு ஏற்ப நடக்கவேண்டும். தாளம் மாறினால் நடையும் மாறவேண்டும். நடக்கும்போதே கைக்கும் வேலை உண்டு. பயிற்சி எடுத்தவர்கள் விழுவது, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. வாய் ஒன்று சொல்ல, கை இன்னொன்று போட, இரண்டும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து சேரும் வித்தை நம் ஊரில் காலங்காலமாக இருக்கிறதே என்று உடனே தோன்றியது.

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே மிருதங்கம் சொல்லித்தரும் ஒரு பெண் இருக்கிறார். என் மகளைவிட வயதில் சின்னவர். தரையில் சம்மணம் போட முழங்கால் இடம் தராது, சொற்கட்டு மட்டும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். "தாராளமா அங்கிள், நாற்காலியிலயே உக்காருங்க. வாயும் கையும் போதும்" என்றார். மிருதங்கத்தில் விழும் சொற்களை வாயால் சொல்வதுதான் கொன்னக்கோல். வாத்தியம் வாங்கவேண்டாம், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை.

முதல் பாடம் 'தா தீ தொம் நம்'. கையில் ஆதி தாளம்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. கேட்க எளிது. காலையில் என் விரல்கள் விறைத்திருக்கும், அதிலும் மோதிரவிரல் தனியாக வராது, சுண்டுவிரலையும் இழுத்துக்கொண்டே தொடையில் இறங்கும். வெந்நீரில் கையை நனைத்துவிட்டு உட்காருவேன். சித்திரை வாக்கில் அந்த விரல் தனியாக இறங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போடுவதும் இப்போது சுலபமாக இருக்கிறது. இதனால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

அடுத்தது மூன்று காலம், அதாவது மூன்று வேகம். கை அதே வேகத்தில் போகும். வாய் மட்டும் இரண்டு மடங்கு, அப்புறம் நான்கு மடங்கு. வாய் ஓடும்போது கையும் கூடவே ஓடப் பார்க்கும். அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் பயிற்சியின் உயிர். "கை அது பாட்டுக்குப் போகணும் அங்கிள், வாய் என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியவே கூடாது" என்பார். நோட்டில் எழுத விடமாட்டார். அவர் சொல்வதைக் கேட்டு, மனதில் வைத்து, திருப்பிச் சொல்லவேண்டும். சர்க்கரை வாங்கக் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறவனுக்கு இது நல்ல வேலை.

வைகாசியில் மாடிக்கு ஏறினேன். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடை. ஒரு அடிக்கு ஒரு எழுத்து. 'தகதிமி' என்று நான்காகச் சொல்லி நடந்தால் 'த' எப்போதும் ஒரே காலில்தான் விழும். எனக்கு வலது முழங்கால் மோசம், அதனால் இடது காலில் அழுத்தி நடப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. 'தகிட' என்று மூன்றாகச் சொன்னால் 'த' ஒருமுறை வலது காலில், மறுமுறை இடது காலில். ஐந்துக்கும் ஏழுக்கும் அப்படித்தான், ஒற்றைப்படை எல்லாமே கால் மாறும். மூன்றுக்குத் திஸ்ரம், ஐந்துக்குக் கண்டம், ஏழுக்கு மிஸ்ரம் என்று இத்தனை வருஷம் கச்சேரியில் கேட்ட பெயர்கள் உள்ளங்காலில் புரிந்தது அன்றைக்குத்தான். நடை இரண்டு பக்கமும் சமமாக விழ ஆரம்பித்ததை மனைவியும் சொன்னாள்.

அது பழகியதும் கையில் ஆதி தாளம், காலிலும் வாயிலும் திஸ்ரம். மூன்றும் எட்டும் இருபத்துநாலாவது அடி முடிந்து அடுத்த அடியில்தான் ஒன்றாகச் சேரும். அந்த இடத்தில் தட்டும் 'த'வும் ஒரே காலில் விழும்போது உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடும்.

இதைச் செய்துபார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து தெருவில் செய்யாதீர்கள். நம் நடைபாதைகளில் பள்ளமும் பைக்கும் பார்த்து நடப்பதே முழுநேர வேலை. கைப்பிடிச் சுவர் உள்ள இடம், வழுக்காத தரை, முதல் சில வாரம் ஒரு கை சுவரில். தலைசுற்றல் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரையை மாற்றியிருப்பவர்கள் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டு ஆரம்பிக்கவேண்டும்.

எதிர் ப்ளாட் சாருக்குப் பார்க்கின்சன் நோய். ஆனி மாதம் ஒருநாள் பேப்பர் கொடுக்கப் போனேன். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் நின்றுவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை, முழங்கால் மட்டும் நடுங்கியது. அவர் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க மாடியில போடற தாளத்தைக் கொஞ்சம் போடுங்களேன். பிசியோ பொண்ணு சத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கா" என்றார். நிதானமாகக் கை தட்டி 'தா… தா… தா…' என்றேன். நாலாவது தட்டில் வலது கால் எழும்பியது. நிலைப்படியைத் தாண்டிவிட்டார். அந்த நோயில் மூளைக்குள் அசைவுக்குக் காலம் குறிக்கும் பகுதி தளர்ந்துபோகிறது. வெளியிலிருந்து ஒரு சீரான தட்டு கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. 1990களிலிருந்தே மருத்துவ இசைப் பயிற்சியில் இது ஒரு முறை. எல்லாருக்கும் எல்லா நேரமும் கைகொடுக்காது. இப்போது அவர் போனில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு ஹாலுக்குள்ளேயே நடக்கிறார். மாலையில் நான் போய் அரைமணி நேரம் தாளம் போடுகிறேன். நோய் வந்ததிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவர், நான் போகத் தாமதமானால் போன் செய்கிறார். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான்.

ஆவணியில் முதல் கோர்வை, அதாவது கணக்காகச் சமத்தில் வந்து முடியும் சொற்கோவை. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு, எண்ணிக்கைக்கு நாலாக 32 மாத்திரை. முதல் நாலு எண்ணிக்கையான லகு முடிந்தால் மீதி 16. அதில் ஒரு மாத்திரை விட்டு, ஐந்தெழுத்து 'ததிகிணதொம்' மூன்று முறை சொன்னால் பதினைந்து, அடுத்த 'தா' நேராகச் சமத்தில். கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு மாத்திரையைச் சும்மா விடுவதுதான் கடினம். வாய் பறக்கும். புரட்டாசி முடிய ஆயிற்று, அது நிதானமாக வருவதற்கு. மூச்சும் அதோடு பழகியது. முன்பெல்லாம் பாதியில் மூச்சு வாங்கும், இப்போது மூன்று ததிகிணதொம்மும் ஒரே மூச்சில் வருகிறது.

மாறாதவையும் உண்டு. முழங்கால் வலி அப்படியேதான். சர்க்கரை அளவு இதனால் இறங்கவில்லை, மாத்திரை தொடர்கிறது. ஆனால் நடந்துகொண்டே மனைவிக்குப் பதில் சொல்கிறேன். நிற்பதில்லை.

வயதானவர்களுக்குச் சங்கீதம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் அமைதியான பாட்டு என்று நினைக்கிறோம். கேட்பதும் நல்லதுதான். நாற்பது வருஷமாக மார்கழி தவறாமல் கேட்டவன் நான். என் அனுபவத்தில் கை, கால், வாய் மூன்றும் வேலை செய்யும் சங்கீதம் உடம்புக்குச் செய்ததை அந்த நாற்பது வருஷம் கேட்டது செய்யவில்லை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் ரேடியோவைப் போட்டுக்கொடுத்ததோடு நிறுத்தாமல், கூட உட்கார்ந்து தாளம் போட வையுங்கள்.

மழை ஆரம்பித்ததால் மாடி வழுக்குகிறது. கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிட்டோம். இரண்டாவது மாடி அக்காவும் அவர் தங்கையும் வந்து சேர்ந்திருக்கிறார்கள், எதிர் ப்ளாட் சார் நாற்காலியில் உட்கார்ந்து கை போடுகிறார். தீபாவளி முடிந்து கண்ட நடை. ஆதி தாளத்தில் ஒரு எண்ணிக்கைக்கு நாலு எழுத்துக்குப் பதில் ஐந்து. வாத்தியாரம்மா ஒருமுறை சொல்லிக் காட்டினார், எனக்கு இன்னும் கை நிற்கவில்லை. மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம்தான். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போய், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து வெளியே போகாமல், முழுக்கத் தாளம் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.