லேப்டாப் ஸ்லோவா? ரேம் வாங்குறதுக்கு முன்னாடி சூட்டைப் பாருங்க

கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, லேப்டாப் இழுக்குது, ரேம் ஏத்தலாமா இல்ல புதுசே வாங்கிடலாமானு. காசை எடுத்துட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ப்ராசஸர், அதாவது லேப்டாப்போட மூளையான சிப்பு, எத்தனை டிகிரில ஓடுதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க ப்ளீஸ்.

இன்டெல் ஐ5-8250யு ப்ராசஸர் இன்னும் நிறைய பேர்கிட்ட இருக்கு, அதையே எடுத்துக்குவோம். பேஸ் ஸ்பீடு 1.6 ஜிகாஹெர்ட்ஸ், டர்போல, அதாவது வேலை அதிகமானா தானா வேகம் கூட்டிக்கிற மோடுல, 3.4 வரைக்கும் போகும். அந்த 3.4 எப்பவும் கிடைக்காது, சூடும் பவர் லிமிட்டும் விடுற வரைக்கும்தான். 100 டிகிரிய தொட்டுச்சுன்னா சிப்பு கருகிடாம இருக்க தானாவே ஸ்பீடைக் குறைச்சுக்கும், இதுக்குப் பேருதான் தெர்மல் த்ராட்லிங். நமக்கு வெளிய தெரியுறது ஃபேன் சத்தமும் மீட்டிங்ல வீடியோ திக்குறதும் மட்டும்தான்.

சென்னைல இது ஏன் இவ்ளோ மோசம்னா, உள்ள இருக்குற ஃபேன் ஏசி கிடையாது, ரூம் காத்தைத்தான் இழுத்து ஹீட்சிங்க், அதாவது சிப்போட சூட்டை வாங்கிக்கிற மெட்டல் தகடுகள், வழியா வெளிய தள்ளுது. 25 டிகிரி ரூம்ல 80ல ஓடுற சிப்பு, மே மாசம் மத்தியானம் ரூம் 37க்கு வந்தா அதே வேலைக்கு 92 பக்கம் போயிடும், சூடு ஏற ஏற லீக்கேஜ் கரண்ட்டும் (சிப்புக்குள்ள வீணா கசியுற கரண்ட்) கூடுறதால இன்னும் கொஞ்சம் மேலயே போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடுன்னா ராத்திரி 10 மணிக்கும் சீலிங்ல இருந்து அனல் இறங்கிட்டே இருக்கும், அந்த ரூம்ல உக்காந்து ப்ராஜெக்ட் பண்ற பசங்களை நினைச்சா எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கும்.

எங்க சித்தி பொண்ணு லேப்டாப்புக்கு ஒரு கடைல மதர்போர்டே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. சிப்போட சூட்டைக் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோனு (HWiNFO) ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டுப் பாத்தா ப்ரௌசர் தொறந்தாலே த்ராட்லிங் 'எஸ்'னு காட்டுது. கழட்டினா ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு, சிப்புல இருந்து ஹீட்சிங்க்குக்கு சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொடியா உதிருது. க்ளீன் பண்ணி புது பேஸ்ட் வெச்சதோட சரி, இப்போ நல்லா ஓடுது.

கழட்டத் தெரியாதவங்க சர்வீஸ்ல குடுங்க, ஃபேன் க்ளீனிங்கும் பேஸ்ட்டும் மட்டும் போதும்னு தெளிவா சொல்லிடுங்க. மெத்தைல வெச்சு யூஸ் பண்ணாதீங்க, நிறைய மாடல்ல காத்து இழுக்குற ஓட்டை அடியிலதான் இருக்கு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் இருந்தா 99 ஆக்கிப் பாருங்க, பொதுவா டர்போ நின்னுடும், ஸ்பீடு கொஞ்சம் குறைஞ்சாலும் சூடு நல்லாவே இறங்கும், டைப்பிங் ப்ரௌசிங்குக்கு இது தாராளம்.

அப்புறம் டச்பேட் மேல தூக்கிட்டு நின்னா, பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிட்டு ஆஃப் பண்ணிடுங்க, பேட்டரி மாத்துற வரைக்கும் ஆன் பண்ணவே வேணாம்.