சக்கர நாற்காலியில் பரமபதவாசல்

வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம் போகணும், அம்மாவால் நடக்க முடியாது, எப்படிக் கூட்டிப் போவது என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: ஏகாதசி அன்று கூட்டிப் போகாதீர்கள். பரமபதவாசல், அதாவது சொர்க்கவாசல், அந்த ஒரு நாளோடு மூடிவிடும் வாசல் இல்லை. ஏகாதசியில் தொடங்கும் பத்து நாள் உற்சவமான ராப்பத்தில், வேடுபறி நடக்கும் எட்டாம் நாளும் தீர்த்தவாரி நடக்கும் பத்தாம் நாளும் தவிர, மற்ற நாட்களிலும் திறக்கும். உற்சவரான நம்பெருமாள் அதே வாசல் வழியாகத்தான் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். மூலவருக்கு அதே முத்தங்கிதான், முத்துகளால் ஆன அங்கி.

ஏகாதசி விடியலில் நாற்காலியில் இருப்பவரின் தலை, நிற்பவர்களின் மார்பு உயரத்தில் இருக்கும். காற்று வராது, பெருமாளும் தெரியமாட்டார். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கினால் தள்ளுகிறவரால் நிறுத்தவும் முடியாது. இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வாசல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஏழாம் நாள் நம்பெருமாள் திருக்கைத்தல சேவை, அர்ச்சகர்கள் பெருமாளைக் கைகளில் ஏந்திக் காட்டுவது. கூட்டமும் அதிகம், நேரமும் மாறும். அந்த வருஷத்து உற்சவப் பத்திரிகையில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பேட்டரி நாற்காலி வேண்டாம். அதன் கனத்துக்கு, ஒரு கல்படி குறுக்கே வந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமப்படுவார்கள். 15 முதல் 20 கிலோ வரையுள்ள, மடக்குகிற கை நாற்காலியே சரி. 18 அங்குல இருக்கை என்றால் வெளி அகலம் 25, 26 அங்குலம் வரும். சக்கரம் உருட்டும் கைகளையும் சேர்த்தால் 32 அங்குலம் வேண்டும். நேராகப் போகும் வரிசைத் தடுப்புக்குள் நுழைந்துவிடும், திருப்பத்தில்தான் மாட்டும். அங்கே கால்தாங்கியைக் கழற்றினாலோ பக்கவாட்டில் மடக்கினாலோ ஒரு சாண் நீளம் குறையும். கழற்றும் கொக்கி துருப்பிடித்திருந்தால் வரிசையில் நின்றுகொண்டு திறக்க முடியாது; வீட்டிலேயே எண்ணெய் விட்டு வையுங்கள்.

ரங்கா ரங்கா கோபுரம் தாண்டி கார்த்திகை கோபுர வாசல், கருட மண்டபம், ஆர்யபடாள் வாசல், நாழிகேட்டான் வாசல் என்று உள்ளே போகும் வழி முழுக்கக் கல் பாவிய தரை. 8 அங்குல முன்சக்கரம் கல் இடுக்கிலும் வாசற்படியிலும் போய் நிற்கும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். படியில் ஏற, பின்னால் நீட்டியிருக்கும் கம்பியைக் காலால் மிதித்து முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். கோயிலுக்குள் வெறுங்கால் அல்லவா? அந்த இரும்பு பாதத்தைக் கிழிக்கும். அதில் துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில். சாய்தளம் இருந்தாலும் சரிவைக் கண்ணால் பாருங்கள்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. படிமேல் சாய்த்துப் போட்ட பலகை அத்தனை நீளம் இருக்காது, அதனால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கட்டாயம். புடவைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் மடியில் செருகிவிடுங்கள். சக்கரக் கம்பியில் சுற்றிக்கொள்ளும்.

மூலஸ்தானத்துக்கு நாற்காலியிலேயே போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். கடைசித் தூரத்துக்குக் கைத்தாங்கல் தேவைப்படும். நாலு அடியாவது எடுத்து வைக்க முடியுமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

செயற்கைக்கால் அணிபவர்களுக்கு வேறொரு சிக்கல். செருப்பின் குதிகால் உயரத்துக்கு ஏற்பத்தான் அந்தக் கால் நிறுத்தப்பட்டிருக்கும். செருப்பைக் கழற்றியதும் குதிகால் தாழ்ந்து, உடம்பு பின்னால் சாயும், முட்டி பின்னுக்குத் தள்ளும். அதே உயரத்துக்கு ஒரு குதிகால் பட்டையைத் துணி உறைக்குள் வைத்து, கால் பொருத்தியவரிடமே முன்கூட்டி நடந்து காட்டிச் சரிபார்க்க வேண்டும். காலிபர் (வலுவிழந்த காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) அணிபவர்களுக்கு ஷூவே காலிபரோடு சேர்ந்தது, அதுவும் தோல். வாசலில் கழற்றச் சொன்னால் நிற்கவே முடியாது. ஷூ இல்லாமல் பிளாஸ்டிக் பாதத்தோடு செய்து தருகிறார்கள். உற்சவத்துக்கு நன்றாக முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஊன்றுகோல்காரர்கள் அடி ரப்பரை மாற்றிவிட்டு வாருங்கள். தேய்ந்த ரப்பர் ஈரக் கல்லில் வழுக்கும்.

பரமபதவாசல் தாண்டினால் மணல்வெளி. பலரும் திணறுவது இங்கேதான். முன்னோக்கித் தள்ளத் தள்ள முன்சக்கரம் புதையும். நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் மணல் மேலேயே உருண்டு வரும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் புறப்பாட்டுப் பாதையை விட்டு விலகி, ஒரு தூணை முதுகுக்குக் கொடுத்து, இரண்டு பிரேக்கையும் போட்டு உட்கார வையுங்கள். பின்னால் தூண் இருப்பதால் யாரும் வந்து மோதமாட்டார்கள். பாசுரங்களை இசையோடு பாடும் அரையர் திருவாய்மொழி சேவிப்பது அங்கிருந்தே காதில் விழும்.