முதல் மூன்று பாட்டு

விடுதி மண்டபத்தில் சனிக்கிழமை இரவு படம் போட்ட காலத்தைப் பற்றி இந்த மலரில் பலரும் எழுதுவார்கள். இது இன்னொரு நாட்டின், அயர்லாந்தின், சனிக்கிழமை இரவைப் பற்றிய படம். வில்லியம் ட்ரெவரின் சிறுகதையை வைத்து பாட் ஓ'கானர் 1982இல் இயக்கிய 'தி பால்ரூம் ஆஃப் ரொமான்ஸ்'. மேயோ மாவட்டத்து பாலிகிராயில் எடுத்தார்கள். காலம் 1950கள். கால் இழந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டு தோட்டவேலையும் செய்யும் பிரைடி, வயது 36, சைக்கிளில் நடனக் கூடத்துக்கு வருகிறாள். பிரெண்டா ஃபிரிக்கர் அவளாகவே இருக்கிறார்.

அந்தக் கூடத்தின் நடைமுறை தெரியாதவருக்குப் படம் மெதுவாகப் போவதுபோல் இருக்கும். பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச் சுவரோரம். உள்ளே மது கிடையாது, சோடாதான். அதனால் ஆண்களில் பலர் குடித்துவிட்டுப் பிந்தித்தான் வருவார்கள். முன்னேரமே வந்த பெண்கள் பெண்களோடேயே ஆடுவார்கள். வாத்தியக்காரர் மூன்று பாட்டுச் சேர்த்து வாசித்தால் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் 'அடுத்ததுக்கும் நிற்பீர்களா?' என்று ஆண் கேட்க வேண்டும். அவள் நின்றால் விருப்பம் உண்டு. சோடா வாங்கித் தரச் சம்மதித்தால் விருப்பம் இன்னும் கொஞ்சம் கூட. வீடுவரை கூட்டிப்போகச் சம்மதித்தால் திங்கட்கிழமை ஊரே பேசும்.

பிசகும் இடம் தொடக்கம்தான். மறுப்பு வாங்கியவன் எல்லார் பார்வையிலும் வெறும் தளத்தைக் கடந்து திரும்ப வேண்டும். பக்கத்தில் நிற்பவளைக் கேட்டாலோ, இரண்டாம் தெரிவாக இருக்க அவளும் விரும்பமாட்டாள். ஆகவே கடைசிப் பாட்டுவரை சுவரைவிட்டு நகராத ஆண்கள் அதிகம்.

கூச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காணியைப் பிரிக்காமல் ஒரே மகனுக்கு விடுவது அங்கே அன்றைய வழக்கம். அதுவும் தகப்பன் கண்மூடும்வரை கைக்கு வராது. தாய் இருக்கும்வரை குசினிக்குள் மருமகள் வரமுடியாது. சீதனக் கணக்குப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்கும். காணி கிடைக்காத பிள்ளைகளும், காத்திருக்க விரும்பாத பெண்களும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 1951 முதல் 1961 வரை வெளியேறியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம். 1961இல் நாட்டின் சனத்தொகையே 28 லட்சந்தான்.

1935ஆம் ஆண்டின் சட்டப்படி பொது நடனத்துக்கு மாவட்ட நீதிபதியின் அனுமதி வேண்டும். வீட்டு நடனங்களையும் பொலிசும் பங்குத் தந்தையரும் அதைக் காட்டியே அடக்கினார்கள். மிஞ்சியவை கோவில் மண்டபமும் தனியார் கூடமும். படத்துக்குப் பெயர் தந்த கூடம் லீட்ரிம் மாவட்டத்துக் கிளென்ஃபார்னில் உண்மையாகவே இருக்கிறது. 1934இல் ஜான் மெக்கிவர்ன் கட்டினார். நடுவில் விளக்கைத் தணித்து அவரே காதல் பாட்டுப் பாடுவாராம். நல்ல வியாபாரி!

பிரைடிக்கு மேளக்காரன் டேனோ ரயன்மேல் மனம். அவனோ தான் குடியிருக்கும் வீட்டு விதவையோடு சேரப்போகிறான். எஞ்சியிருப்பவன் குடிகாரன் பௌசர் ஈகன். தாய் போனபிறகு கலியாணம் என்கிறான். இனி அந்தக் கூடத்துக்கு வருவதில்லை என்று பிரைடி முடிவெடுக்கிறாள். அவன் தாயும் தன் தகப்பனும் போனபின் ஒருநாள் அவன் தேடி வருவான், தானும் சம்மதிப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.