அண்ணன் அனுப்பிய குரல்பதிவு

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில், குழந்தையை மடியில் வைத்திருந்த இளம் தாய் ஒருவர், தடுப்பூசி அட்டைக்கு முன்பாகத் தம் கைபேசியைச் செவிலியரிடம் நீட்டினார்.

தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியால் குழந்தைகள் முடங்கிப்போவதாக அதில் ஒரு குரல் பதற்றத்தோடு பேசியது.

பேசியவர் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. அனுப்பியவர் அவருடைய அண்ணன். நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதே தடுப்பூசியைப் போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோதும் இத்தகைய வதந்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பெற்றோர் பலர் தயங்கியதால் இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. வேகம் குறையலாம், அண்ணன் மீதுள்ள நம்பிக்கையை அது தொடாது.

செவிலியர் அந்தக் குரல்பதிவை முழுவதுமாகக் கேட்டார் (எனக்கு அதுவே பெரிய செயலாகப் பட்டது). பிறகு, ஊசிக்குப் பின் காய்ச்சலோ லேசான தடிப்போ வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் விளக்கி, அந்த அண்ணனிடமும் தாமே தொலைபேசியில் பேசினார்.

மறுப்பு அறிக்கைகளுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது, கிராமச் செவிலியர் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதில் அரசு காட்ட வேண்டும்.